போத்தல் தண்ணீரும் மகளின் கணினியும்

எங்கள் வீட்டு நடு அறையில் ஒரு கணினி ஒன்பது நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் என் மகளுடையது. அதன் இரைச்சலோடு எழும்பி, அதன் இரைச்சலோடு சாப்பிட்டு, எனக்கும் மனைவிக்கும் தலை கனத்துப்போனது.

எனக்கு விளங்கும்படி மகள் சொல்லியிருந்தாள். கண்ணுக்கே தெரியாத துளைகள் உள்ள மெல்லிய கரித்தகடு ஒன்று. அதன் ஒரு பக்கம், எங்கள் கிணறுகளில் இருப்பதுபோல் புளோரைட் என்ற உப்பு கலந்த தண்ணீர். எல்லாம் கணக்கில்தான். ஒவ்வொரு துணிக்கையும் மற்றதை எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கணினி அவற்றை நகர்த்துகிறது. ஒன்பது நாள் இப்படி ஓடினால், கண்ணிமைப்பில் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் என்ன நடக்கும் என்று தெரியும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவ்வளவு சின்ன நேரத்துக்குள்ளும் அல்லாஹ் இத்தனை வேலை வைத்திருக்கிறானே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

போரில் இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்திலிருந்து எங்கள் ஊரான பூவரசங்குளத்துப் பக்கம் திரும்பி வந்த நாள் முதல் நாங்கள் குடிதண்ணீருக்கு அலைகிறவர்கள். கிணறு நிறையத் தண்ணீர் உண்டு. குடித்தால் பிள்ளைகளின் பல் பழுப்பேறிப்போகிறது. சிறுநீரகம் கெடுவதும் அதனால்தான் என்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள்.

“வாப்பா, தகடு புளோரைட்டை மறிச்சிட்டுது! ஒண்டும் அங்கால போகேல்ல!”

அந்தச் சந்தோசத்தோடு ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகை முடிந்து, செருப்பு மாட்டும் இடத்தில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன்: “என்ர மகள் கிணத்துத் தண்ணியைச் சுத்தமாக்க வழி கண்டுபிடிச்சிட்டாள்.”

மறுநாளே போத்தல்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தவர் பக்கத்து வளவுப் பெரியவர்; அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிடுகிறவர். சிறுநீரகக் கிளினிக்குக்குப் போய்வருகிறவர்.

“பிள்ளை, இது என்ர கிணத்துத் தண்ணி. உன்ர பெட்டிக்குள்ள ஊத்திப் பார்.”

“பெரியவாப்பா, இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணியும் இல்ல. ஊத்தினா கரண்ட் அடிச்சு நான்தான் மௌத்து.”

“பகிடி விடாத. வைச்சிட்டுப் போறன், ஆறுதலாப் பார்.”

இரண்டு நாளில் மேசை நிறைந்துவிட்டது. மனைவி போத்தல்களை ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். காரணம் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

முதல் துளை புளோரைட்டை மறித்தாலும் தண்ணீரையும் சரியாக விடவில்லையாம். கொஞ்சம் பெரிய துளையோடு மகள் திரும்ப ஓடவிட்டாள். அது முடிந்த அன்று கணினியை நிறுத்திவிட்டு வந்து சொன்னாள். இந்த முறை தண்ணீரோடு புளோரைட்டும் துளை வழியே போய்விட்டதாம். அன்று மத்தியானமே மனைவி நானா வீட்டிலிருந்து பதறி வந்தாள்.

“நானா ஒரு கிழமைக்கு மேலயாக் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறாராம். போத்தல் திரும்பி வந்தபடியா, தண்ணி நல்லதாக்கும் எண்டு நினைச்சிட்டாராம்.”

அவருடைய வளவு இருபது அடி தூரம். செருப்புப் போடாமலே போனேன்.

“நானா, அது உங்கட தண்ணியைப் பாக்கேல்ல. கணக்கு மட்டும்தான். நான்தான் பெருமைக்குக் கதைச்சுப்போட்டன்.”

“அப்ப போத்தல்?”

“மேசையில இடமில்லாமத் தந்தது.”

நானா கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்.

“ஒவ்வொரு மிடறுக்கும் உன்ர மகளுக்குத் துஆக் கேட்டெல்லோ குடிச்சனான்.”

மறுநாள் காலையில் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இரத்தத்தில் கழிவு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். அது இந்தத் தண்ணீராலா, சிறுநீரக வருத்தம் தன்பாட்டில் முற்றியதா என்று சொல்ல ஏலாது என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நானா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார். நான் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு வாய்க்குள் இஸ்திஃபார் ஓதிக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் எழும்பி நின்று எல்லோருக்கும் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், நான் சொன்னது பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“அப்ப உம்மட மகள் இவ்வளவு நாளும் என்னதான் செய்தவ?” என்று ஒருவர் கேட்டார்.

“எந்தத் துளை சரிவராது எண்டு கண்டுபிடிச்சவ.”

சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. வெளியே படியில் இறங்கும்போது, என் தோளைப் பிடித்துக்கொண்டார். வீங்கியிருந்த அவருடைய கால் செருப்புக்குள் போக மறுத்தது. நான் குனிந்து வாரைத் தளர்த்திவிட்டேன்.