முதலை மடுவில் ஒரு முழுக்கு

சுதந்திரம் வாங்கிச் சில வருடங்களே ஆன சாம்பியாவில், நான் வாத்தியார் வேலை பார்க்கும் ஊரில், யாரும் தண்ணீர் ஓரமாக நடப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கோரையும் சேறும்தான், டாம்போ என்கிறார்கள். சனிக்கிழமை சந்தைக்கு அதன் நடுவே ஒற்றையடிப் பாதையில் போகவேண்டும். கையில் ஒரு கழி இருக்கும். தரையைத் தட்டிக்கொண்டே போனால் பாம்பு விலகிவிடும். நீர்யானை மேய்ந்தால் அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நிற்கக்கூடாது. மடு வந்தால் நன்றாகத் தள்ளி நடக்கவேண்டும். குனிந்து கை கழுவினால் இங்வேனாவுக்கு விருந்து வைப்பதாக அர்த்தம் என்றார் தலைமையாசிரியர். இங்வேனா என்றால் முதலை. காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது.

நமக்குத் தண்ணீர் என்றால் படியிறங்கும் இடம். நல்லதுக்கும் முழுக்கு, கெட்டதுக்கும் முழுக்கு. காஞ்சிபுரத்துச் சர்வதீர்த்தக் குளத்தில் என்னைக் கடித்ததெல்லாம் மீன்குஞ்சுதான், அதுவும் காலில் இருந்த பழைய புண்ணை. சபாபதியும் அதே குளத்தில் நீந்தியவன். பிள்ளையார்பாளையத்துக்காரன், இங்கே என்னோடு கணக்கு வாத்தியார். முதலை என்றால் அவனுக்கு என்னைவிடப் பயம். சந்தைக்குப் போகும்போது என்னைத் தண்ணீர்ப் பக்கம் நடக்கவிட்டு, அவன் மறுபக்கமாகத்தான் வருவான்.

அவனுடைய அப்பா இறந்த தந்தி எங்கெங்கோ சுற்றி, ஊரில் காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. சபாபதி மூத்த பிள்ளை. பள்ளிக்கூடத்து வாசலிலேயே அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"கொள்ளிதான் தம்பி வெச்சிட்டான். முழுக்காவது நான் போட வேணாவா?"

"குழாய்ல ஊத்திக்கபா. அதுவும் தண்ணிதானே?"

"உங்கப்பனா இருந்தா இப்டி சொல்லுவியா?"

தலைமையாசிரியரிடம் ஓடி விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். குழாயடி அழுக்காக இருப்பதால்தான் சபாபதி தயங்குகிறான் என்று அந்த நல்ல மனிதர் நினைத்துக்கொண்டார். வீட்டிலிருந்து ஒரு புது வாளியைக் கொண்டுவந்து, "இது ரொம்பச் சுத்தம், என் மனைவியே கழுவினாள்" என்று நீட்டினார். சபாபதி அவருக்குக் கும்பிடு போட்டு வாங்கி, வாளியைக் கீழே வைத்துவிட்டு, டாம்போ பக்கம் நடந்தான்.

பின்னாலேயே ஓடினேன். கெஞ்சினேன், திட்டினேன், சட்டையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டுக் கட்டிய வேட்டியோடு மடுவில் இறங்கினான். ஒரு முழுக்குப் போட்டு எழுந்தபோது அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தியா? ஒண்ணும் ஆவல" என்றான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி குனிந்தான். தண்ணீர் ஒருதரம் புரண்டது. அவன் கத்தக்கூட இல்லை.

ஈட்டியும் ஓடமுமாக ஊரே வந்து தேடியது. கிடைத்தது வேட்டியில் பாதி. தலைமையாசிரியர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "வாளி கொடுத்தேனே! வாளி கொடுத்தேனே!" என்று அழுதார். செத்தவன்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

விடுமுறையில் ஊருக்கு வந்ததும் சபாபதியின் அம்மாவைப் பார்க்கப் போனேன். எப்படிச் செத்தான் என்று அவர் கேட்கவில்லை.

"அவங்கப்பாவுக்கு முழுகினானாபா?"

"முழுகினாம்மா."

"கட்டின துணியோடவா?"

"ஆமாம்மா."

"அது போதும்பா. புள்ளயோட கடன் தீந்துச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்த முழுக்கு அவனைத் தின்றதோ, அதுவே அவருக்கு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் காலை என்னைச் சர்வதீர்த்தத்துக்கு அழைத்துப் போனார். கூட இருந்தவன் நான், அவனுக்காக ஒரு முழுக்குப் போடவேண்டுமாம். பாதிப் படியில் நின்றுவிட்டேன். எத்தனையோ தரம் குதித்து விளையாடிய குளம்தான். இருந்தும் என் கண் தண்ணீரின்மேல் எதையோ தேடிக்கொண்டிருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னாபா, ஆப்பிரிக்கா போனதும் நம்ப கொளம் ஆவலையா?" என்று சிரித்தார்.

சபாபதியின் அம்மா முழங்கால் அளவுக்கு இறங்கித் திரும்பி, என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாபா. இது நம்ப தண்ணி, ஒண்ணும் பண்ணாது."

அவர் கீழே இழுத்தார். நான் மேலே இழுத்தேன். "கைய விடும்மா!" என்று கத்திவிட்டேன். குளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.