பல்லில் கடித்த பறி

ஆறாம் மாதத்தில் இறால் வதக்கும் வாசனை குமட்டியது. "இப்பப் போயி மசக்கையா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் என் கண் மஞ்சளாகிவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஹெபடைடிஸ் ஈ (மலம் கலந்த தண்ணீரால் பரவும் கல்லீரல் அழற்சி). வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அது வரவே கூடாது என்றார் டாக்டரம்மா.

"எந்தத் தண்ணிம்மா குடிக்கிறீங்க?"

"கேன் தண்ணிதான் மேடம். ஆத்துத் தண்ணிய நாய்கூட குடிக்காது," என்றார் வீட்டுக்காரர்.

பொய்யில்லை. மழைக்குப் பிறகு எண்ணூர் ஆற்றின் மேல்பக்கம் நல்ல தண்ணீர் இறங்கும். அதில் உட்கார்ந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பவர்கள் நாங்கள். அந்தத் தண்ணீரைக் குடித்ததில்லை.

ஸ்கேன் எடுக்கும் முன் புடவையைச் செருக இரண்டு கையும் வேண்டியிருந்தது. சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டேன். "இன்னாம்மா, சீட்டப் போயி வாயில வெச்சிகினு கீறே?" என்று நர்ஸ் பிடுங்கினாள்.

அப்போதுதான் உறைத்தது. பறியையும் (இறால் போடும் ஓலைக்கூடை) நாங்கள் பல்லில்தான் கடித்துக்கொள்வோம். கைகள் சேற்றில் இருக்கும், வாய் தண்ணீரில் இருக்கும்.

என் கண் மஞ்சளாவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு காலையில், செப்டிக் டேங்க் லாரிகள் ஆற்றில் கொட்டிவிட்டுப் போயிருந்தன. தண்ணீர் கறுத்திருந்தது. இறால் எல்லாம் ஓரத்துக்கு வந்து மேலே துடித்துக்கொண்டிருந்தன. மலம் அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்துவிடுமாம், டாக்டரம்மா பிறகு சொன்னார். அன்று யாருக்குத் தெரியும்? "அள்ளு, அள்ளு! இன்னிக்கு நமக்கு லக்குதான்!" என்றார் வீட்டுக்காரர். நானும் சிரித்தேன். நாற்றம் பார்த்தால் பொழப்பு நடக்குமா? பறி நிறைய அள்ளினேன்.

ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். அழவில்லை.

என் கல்லீரல் தேறியது. பிழைத்தாயே என்று யாரும் என்னிடம் சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால், எதைக் குடித்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். எதை வாயில் வைத்தாய் என்றும் கேளுங்கள்.

அந்த இடத்தில் இப்போது இறால் இல்லை. சேற்றைத் தடவினால் செம்புழுதான் வருகிறது. வேறு இடம் தேடிப் போகிறோம். பறியை இடுப்பில் கட்டிக்கொள்கிறேன். ஆனாலும் தண்ணீரில் கை வைத்ததும் பல் தானாக இறுகிக்கொள்கிறது.

இருந்திருந்தால் இந்நேரம் தவழ்ந்திருப்பாள். மாதங்களை அப்படித்தான் எண்ணுகிறேன். அன்று மூச்சுக்குத் தவித்து மேலே வந்ததுகளைப் பார்த்து நான் சிரித்தேனே, அதைத்தான் மறக்க முடியவில்லை.