உப்பு ஒட்டிய கண்ணாடி டம்ளர்கள்

மதியம் ரசம் தாளிக்கும்போது போன் அடித்தது. சங்கரன்கோவிலிலிருந்து தங்கத்தின் தம்பி. "பெரியம்மா, அக்கா நேத்து தவறிட்டா. ஒங்களுக்குச் சொல்லிரச் சொல்லியிருந்தா" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். யாரிடமாவது சொல்லலாம் என்றால் வீட்டில் ஆள் இல்லை. மாடி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. அந்த அறைகளில் குடியிருந்து கம்பெனி வேலைக்குப் போன பெண்களே, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனால் என் கையெழுத்து தெளிவாக இருக்கும்.

தங்கத்தை உங்களுக்குக் கம்பெனிக் கேன்டீன்காரியாகத்தான் தெரியும். அதற்கு முன் அவள் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் பாரில் கண்ணாடி டம்ளர் கழுவியவள். அங்கே விதவிதமாகக் கலந்து ஊற்றுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். மண்ணூரில் எங்கள் மாடிக்குக் குடிவந்த பிறகு, பண்டிகை என்றால் அதையெல்லாம் சரக்கு இல்லாமல் செய்வாள். "அதுல சாராயத்தைத் தவிர மத்ததெல்லாம் நல்ல சாமான்தாங்க்கா" என்பாள்.

முதல் வருஷம் புத்தாண்டு அன்று பெங்களூரிலிருந்து என் மகன் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தான். பேரன் அங்கே என்ஜினீயரிங் படிக்கிறான், எங்கள் வம்சத்தில் முதல் ஆள். அவர்களுக்காகத் தங்கம் மாதுளையும் ஆரஞ்சும் பிழிந்து, பன்னீர் சோடா வாங்கி, டம்ளர்களை வரிசையாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பார்த்தால் எல்லா டம்ளரின் விளிம்பிலும் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

"யக்கா, உப்பு எங்க?"

"இன்னா உப்பு? டம்ளர் கழுவுறதே வேலையா இருந்தவளாம். பிசுக்கோட வச்சுட்டுப் போயிருக்கியே."

தலையில் கட்டிய துண்டோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எலுமிச்சை தடவி, உப்பில் கவிழ்த்து எடுத்த விளிம்பு அது. "பெரிய ஓட்டல்ல அந்த உப்புக்குத்தான் பவுசே" என்று மறுபடியும் முதலிலிருந்து தடவினாள்.

சாயந்திரம் மகன் போன் செய்தான். லீவு இல்லையாம், வரவில்லை. "எல்லாத்தையும் எடுத்து வச்சுடு தங்கம், யாரும் வர்ல" என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், "எடுத்து வைக்கவா இம்புட்டும் பிழிஞ்சேன்?" என்று சொல்லிவிட்டு உங்களைக் கூப்பிட மாடிக்குப் போனாள். ஊருக்குப் போக லீவு கிடைக்காத நீங்கள், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு இறங்கி வந்தீர்கள். சிவப்புக்கு மேல் மஞ்சள் நிற்க, ஸ்பூனின் முதுகில் மெல்ல ஊற்றிக் கொடுத்தாள். உங்களில் ஒருத்தி காபிக்குச் சர்க்கரை கலக்குவதுபோல் அதைக் கலக்கிவிட, தங்கம் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதன்பின் பண்டிகை நாட்களில் நான் வாசலைப் பார்ப்பதை விட்டேன்.

கம்பெனி மூடியதும் பெட்டியோடு ஒவ்வொருவராகப் போனீர்கள். கடைசியாகத் தங்கமும் சங்கரன்கோவிலுக்குப் போனாள். அந்தத் தீபாவளிக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"என்ன கலந்திய?"

"ஒருத்திக்கு எதுக்குடி அதெல்லாம்?"

"ஏன், ஒருத்தின்னா ஆளு இல்லையா? போனை வைக்காதிய. எலுமிச்சம்பழத்தை எடுங்க."

நறுக்கினேன். புதினாவைக் கசக்கிப் போட்டேன். சோடா ஊற்றும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். "நின்னுக்கிட்டே குடிக்காதிய. ஒக்காருங்க. ஒக்காந்துட்டியளா?" என்று கேட்டாள். ஆமாம் என்ற பிறகுதான் போனை வைத்தாள். ஆயுள் முழுக்க மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடியே மிச்சத்தைக் குடித்தவள் நான். அதுவரை என்னை உட்காரச் சொன்னவர் யாருமில்லை.

பொங்கல் வருகிறது. மகன் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தங்கத்திடமிருந்து போனும் இனி வராது. வருகிறவர்களுக்கு எடுத்து வைக்கும்போது எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைப்பது, யாரும் வராவிட்டாலும் உட்கார்ந்து குடிப்பது: அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். அதை விடமாட்டேன்.