நான் கொடுக்காத கூடாரம்

மூன்று வருடத்துக்கு முன்னால், மலாக்கா டவுனில் நான் டயாலிசிஸ் செய்யப் போகும் நிலையத்தில் ஆரம்பித்தது இது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு படிப்பு சரி. பதினாலு வயதில் லோரியில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றினேன், நாற்பது வயதில் எனக்கே ஆறு லோரி. ஒருத்தனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. தோட்டத்துக் கோயிலுக்குப் பதினொரு வருடம் தலைவர். மண்டபத்தில் நான் எழுந்து பேசினால் மைக் தேவையில்லை, அப்படி ஒரு குரல்.

அந்தக் குரல் மட்டும்தான் மிச்சம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம், கையில் ஊசியோடு படுத்துக் கிடக்க வேண்டும். மனைவி முன்னாடியே போய்விட்டாள். பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்து போன் செய்து "சாப்டீங்களாப்பா?" என்பார்கள், அதோடு முடிந்தது. கோயில் ஆட்கள் ஒரே ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, என்னோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தீபாவளி முடிந்ததும் டயாலிசிஸை நிறுத்திவிடுவது என்று முடிவு பண்ணினேன். நிறுத்தினால் ரொம்ப நாள் தாங்காது என்று தாதி சொன்னாள். தெரிந்துதான் முடிவு பண்ணினேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து நாற்காலிக்கு ஒரு அம்மா வந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. மடியில் துணி உறை போட்ட பைபிள். நான் ஊசி குத்தும்போது கத்துவேன், தாதிகளைத் திட்டுவேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றாவது வாரம், "அண்ணே, அடையாளம் வச்ச பக்கத்தக் கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா?" என்றார்.

எனக்கு வாசிப்பு சரியாக வராது. இத்தனை வருடம் யாருக்கும் அது தெரியாது. கோயில் கணக்கு, கூட்டக் குறிப்பு எல்லாம் செயலாளர் படிப்பார், நான் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவேன். மாட்டேன் என்று சொல்ல மானம் விடவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கோயில் மேடையில் பேசுகிற மாதிரி சொந்தமாக எடுத்துவிட்டேன். ஆண்டவன் பெரியவன், அவன் உன்னைக் காப்பாற்றுவான், நீ கலங்காதே என்று.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாதி காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார். "நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா இந்தச் சங்கீதத்துல அது இல்லையே லா."

பைபிளில் சங்கீதம் என்றால் பாட்டாக வரும் ஜெபமாம், அவருக்கு அது மனப்பாடம். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "எழுத்துக் கூட்டியே படிங்க. நாலு மணி நேரம் இருக்கு, எங்க போகப் போறோம்?" என்றார். ஒரு பக்கத்துக்கு எனக்கு இரண்டு நாள் ஆனது.

தீபாவளி நெருங்கியதும் என் முடிவைச் சத்தமாகவே சொன்னேன். "பாதிப் புஸ்தகத்துல விட்டுட்டுப் போற ஆளாண்ணே நீங்க? ஆறு லோரி ஓட்டுனவருன்னீங்க?" என்றார். ரோஷம் வந்துவிட்டது. தீபாவளிக்கு அப்புறமும் போனேன்.

ஒரு நாள் வழக்கம்போல என் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். நான் தலைவராக இருந்த காலத்தில் கோயில் கூடாரம், நாற்காலி, அண்டா எதுவும் வேறு மதத்துக்காரர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று சட்டம் போட்டேன், ஒரு கரண்டிகூட வெளியே போனதில்லை என்றேன்.

"தெரியும்ணே. என் வீட்டுக்காரரு செத்தப்போ கூடாரம் கேட்டு நான்தான் வந்தேன். காருக்குள்ள இருந்தே இல்லன்னுட்டீங்க. நல்ல மழை. சவப்பெட்டிய நனைய வச்சுத்தான் எடுத்தோம்."

அந்த அம்மா என் தோட்டத்துக்காரர். கண் தெரிகிற நானோ அவரை அடையாளம் கண்டுபிடிக்கவில்லை. லயத்து ஆட்களை அப்போது நான் எங்கே நிமிர்ந்து பார்த்தேன்?

"அப்புறம் ஏம்மா எம் பக்கத்துல ஒக்காந்தே?"

"குரல வச்சுக் கண்டுபிடிச்சேன். தாதிகிட்டச் சொல்லி நான்தான் இந்த எடத்தக் கேட்டு வாங்குனேன். நீங்க வலியில கத்துறதக் கேக்கணும்னு ஆசை. ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு மேல கேக்க முடியலண்ணே. பல்லக் கடிச்சுக்கிட்டு உங்களுக்காக ஜெபம் பண்ணேன்."

வீட்டுக்கு வந்தேன். இனிமேல் போகக் கூடாது, சாவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம் என்று இருந்தது. மறுநாள் மத்தியானம் தனியாக உட்கார்ந்து, படித்துப் பழக அந்த அம்மா கொடுத்துவிட்டிருந்த பைபிளில் அந்தச் சங்கீதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். குழியில் விழுந்தவன் கூப்பிடுகிற கூப்பாடு அது. முதல் தடவையாக, படிக்கிறது எனக்குப் புரிந்தது. நானும் வாய்விட்டுக் கூப்பிட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் டயாலிசிஸுக்குப் போனேன். அதற்கப்புறம் அந்த அம்மா போகும் சர்ச்சுக்கும் போனேன், கடைசி வரிசையில். சாவு பயத்தில் அப்பா மாறிவிட்டார் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

போன வருடம் அந்த அம்மா தவறிவிட்டார். தோட்டத்தில், புருஷனோடு அவர் வாழ்ந்த மகன் வீட்டில்தான் பெட்டியை வைத்தார்கள். டவுனில் கூடாரம் வாடகைக்கு எடுக்கப்போன மகனைத் தடுத்து, "தம்பி, அதெல்லாம் வேணாம். என் ஒரு வார்த்தைக்குக் கோயில் கூடாரம் வரும்" என்றேன். எவ்வளவு பட்டாலும் என் வாய் மட்டும் திருந்தவில்லை.

இப்போதைய செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார். பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்து விரித்தார். "நாங்க என்னய்யா பண்றது? சட்டம் அப்படி இருக்கு. கீழ உங்க கையெழுத்துதானே?"

அந்த வரிகளை நானே படித்தேன். எழுத்துக் கூட்டாமல் படித்தேன். என் கையெழுத்துக்கு மேல் என்ன எழுதியிருந்தது என்று என் கண்ணால் படித்தது அன்றைக்குத்தான்.

வேறு கூடாரம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. புருஷன் பெட்டி நனைந்த அதே வாசலில் அந்த அம்மாவின் பெட்டியும் நனைந்தது, இரண்டு தடவையும் என்னால். போதகர் படிக்கச் சொன்னபோது, ஊசி குத்திய கையில் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சங்கீதத்தைப் படித்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன், திருத்துவதற்கு ஆள் இல்லை.

இன்றைக்கும் வாரத்துக்கு மூன்று நாள் போகிறேன். பக்கத்து நாற்காலியில் யார் யாரோ வந்து உட்கார்கிறார்கள். நோய் குறையவில்லை, குறையாது என்றும் தெரியும். அந்த மழைக்கு ஆண்டவர் என்னை மன்னித்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டாவது எனக்காக ஒரு ஜீவன் அவரிடம் கேட்டிருக்கிறது, அதை நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் ஊசிக்குக் கையை நீட்டுகிறேன்.