போர்டு கிணற்றில் நான் மட்டும்

கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஜில்லா போர்டு நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. மிஷன் விடுதியில் படித்த சேரிப் பெண் நான். வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஊருக்கு அது தெரிந்திருந்தது. பள்ளியை ஒட்டிய அறையில் தனியாகத் தங்கினேன். எதிரிலேயே போர்டு வெட்டிய கிணறு. ஆனாலும் குடத்தை எட்டத்தில் வைத்துவிட்டு, யாராவது மனம் வைத்து ஊற்றும்வரை வெயிலில் நிற்பேன். சில நாள் யாருக்கும் கை ஒழியாது.

முப்பதுகளின் கடைசியில் மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. பொதுக் கிணறு, குளம், பாதை எதிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது, தடுத்தால் அபராதம். பத்திரிகையில் படித்த மறுநாள் காலை நானே போய் வாளியை இறக்கினேன். அது பாதி ஏறி வரும்போது ஊர்ப் பண்ணைக்காரர் கயிற்றை அறுத்துவிட்டார்.

"படிச்சுட்டா எல்லாம் ஒண்ணாயிருமா?" என்றார்.

பஸ் ஏறி அரூர் கோர்ட்டில் புகார் கொடுத்தேன். சாட்சி கேட்டார்கள். கிணற்றடியில் இருந்த பெண்கள் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கிணற்றை அடுத்துக் குடியிருந்த, கன்னடம் பேசும் ஒரு கைம்பெண் மட்டும் வந்தாள். "அறுத்தாருங்க, என் கண்ணால பாத்தேனுங்க" என்றாள். பண்ணைக்காரர் அபராதம் கட்டினார்.

அதன் பிறகு யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் வருவதைக் கண்டதும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுக்குப் போய்விடுவார்கள். சாட்சி சொன்னவளை அவள் கொழுந்தனார் மாகாண எல்லைக்கு அப்பால் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட என்னால் முடியவில்லை. அந்த ஊர்ச் சேரிக்காரர்களையாவது கூப்பிடலாம் என்று போனேன். "நீங்க எடுத்துக்குங்க டீச்சரம்மா. எங்களுக்கு ஊர்க்காரங்க காட்டுலதான் கூலி" என்றார்கள். பள்ளி விட்டபின் மறுநாள் காலைவரை என்னோடு பேச ஆள் கிடையாது. நாள் முழுக்க எனக்கென்று ஒரு கிணறு. தண்ணீர் இனிப்பாகத்தான் இருந்தது. ஏனோ குடிக்கப் பிடிக்காது.

வருஷங்கள் அப்படியே போயின. சுதந்திரம் வந்த மறுவருஷம் பத்திரிகையில் அடுத்தடுத்து இரண்டு செய்திகள். டெல்லியில் எழுதிக்கொண்டிருந்த அரசியல் சட்டத்தில் தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று ஒரு விதியைச் சேர்த்திருந்தார்கள். சில நாள் கழித்து, பாரிசில் கூடிய உலக நாடுகள் பிறப்பில் மனிதர் எல்லோரும் சமம் என்று அறிவித்திருந்தன. காலி வகுப்பறையில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். என்னை அறியாத யாரோ எனக்காகப் பேசுகிறார்கள் என்று நினைத்ததும் அழுகை வந்தது. சேரிக்குப் போய் அங்கும் படித்துக் காட்டினேன்.

கைக்குழந்தைக்காரி ஒருத்தி கேட்டாள்: "பாரிசுக்காரங்களுக்கு நம்மூருக் கெணறு தெரியுமாங்க?"

"தெரியாது. டெல்லியில எழுதறவங்களுக்கு நல்லாத் தெரியும். எழுதினா அது நம்ம கோர்ட்டுல நிக்கும்."

மறுநாள் விடிந்ததும் அவள் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுக் குடமும் வாளியுமாக வந்தாள்.

"கொஞ்சம் நவுருங்க டீச்சரம்மா, நானும் எறக்கறேன்."

இரண்டு வாளிகளும் கிணற்றுச் சுவரில் இடித்துக்கொண்டே இறங்கின. ஊர்ப் பெண்கள் அன்றும் தோட்டத்துக் கிணற்றுக்குத்தான் போனார்கள். நாங்கள் குழந்தையின் சளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.