மூடிய பலகைக்குள்

எழுபதுகளில் பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பாட்டு டீச்சர். குடியிருந்தது வில்லியனூரில். கல்யாணத்துக்கு முன்பே அப்பா வாங்கித் தந்த வயலின் என்னிடம் இருந்தது. அதைச் செய்தவர் பாகூரில் கதவும் கட்டிலும் செய்துகொண்டிருந்த ஓர் ஆசாரி. பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிய சமயத்தில் ஒரு துரை வீட்டில் உடைந்து கிடந்த வயலின் அவர் கைக்கு வந்ததாம். அதைப் பிரித்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டார். என் வயலினுக்கு மேல் பலகை கப்பல் சரக்குப் பெட்டி மரம், அடிப் பலகை பலா மரம்.

பள்ளி ஆண்டு விழாவில் நான் வாசித்ததை அவர் கேட்டார். அன்று பிடித்தது சனி. ஞாயிறு தவறாமல் சைக்கிளில் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். வயலினை விரலால் தட்டுவார், காதருகே வைப்பார், ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பார். திருப்தியில்லாமல் கிளம்பிப் போவார்.

"இன்னாடி இது, பொண்ணு பாக்க வர மாதிரி வாராவாரம் வராரு?" என்று என் கணவர் எரிச்சல்பட்டார்.

ஒரு நாள் ஆசாரியே காரணம் சொன்னார். "இதுக்கப்புறம் எத்தினியோ செஞ்சிட்டேன் டீச்சரம்மா. ஒண்ணுகூட இது மாதிரி பேசல. உள்ள இன்னா பண்ணேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஒரு தபா தெறந்து பாத்துடறேன்."

"தெறந்து மூடினா இதே மாதிரி பேசுமா?"

"தெரியாது" என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். சைக்கிள் மணி கேட்டாலே வயலினைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆனால் அவருடைய நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டது. வாசிக்க உட்கார்ந்தால் ராகத்தில் மனம் நிற்கவில்லை, பலகைக்கு உள்ளே போய்விடும். அங்கே என்ன இருக்கிறது? வகுப்பில் தாளம் தவறியது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நானே ஒரு காலையில் வயலினோடு பஸ் ஏறி அவர் பட்டறையில் போய் நின்றேன்.

அவர் வயலினை வாங்கித் தந்திகளைக் கழற்றினார். மெல்லிய கத்தியைத் தண்ணீரில் நனைத்து விளிம்பில் நுழைத்தார். பசை விடும் சத்தம் என் பல்லைக் கூச வைத்தது. மேல் பலகை கையோடு வந்தது.

உள்ளே பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பலகையின் ஒரு பாதி வழவழப்பாக இழைத்திருந்தது. மறுபாதியில் உளி பட்ட தழும்புகள் அப்படியே இருந்தன. நடுவே ஓடிய சட்டம் கோணலாக ஒட்டியிருந்தது.

"இத செஞ்சது ஏரித் தண்ணி ஊருக்குள்ள வருதுன்னு ஓடின மழைக்காலம்" என்றார் மெதுவாக. "சாமான் மெதந்து பூடும்னு அவசரத்துல மூடிட்டேன். அப்புறம் முடிக்கலாம்னு நெனச்சேன். மறந்தே போச்சி."

பேசிக்கொண்டே அவர் கை மரம் சுரண்டும் இழைப்புத் தகட்டை எடுத்துவிட்டது. நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம் ஐயா. தொடாதீங்க."

"அரைகுறை வேலம்மா இது. பாத்தப்புறம் எப்பிடி மூடுறது?"

"அப்பிடியே மூடுங்க."

மணிக்கட்டை நான் விடவில்லை. அவர் தகட்டைக் கீழே வைத்தார். வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினார். ஒட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பசை காய்ந்து சில நாளில் வயலின் வீட்டுக்கு வந்தது. முதலில் சளி பிடித்த தொண்டை மாதிரி ஒலித்தது. வாசிக்க வாசிக்க, பல வாரங்களில், பழைய குரல் திரும்பியது. பழையதுதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

பிறகு அவர் வேண்டுமென்றே பாதி இழைக்காமல் சில வயலின்கள் செய்தார். எதுவும் சரியாக வரவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் அவர் இறந்தபோது பட்டறையில் முழுதாக ஒன்றுகூட இல்லை.

வெளியே போய் அவர் கைக்குத் தப்பியவற்றில் என்னுடையது போக எனக்குத் தெரிந்து இரண்டு இருக்கின்றன. ஒன்று கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு நாடகக்காரரிடம். மற்றொன்று பனித்திட்டில், மீன்பிடிக் குடும்பம் ஒன்றில், பரணில் துணி சுற்றிக் கிடக்கிறது. தந்தி கட்டித் தருகிறேன் என்று போனேன். எடுத்துத் தட்டிப் பார்த்தேன், ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த வீட்டம்மாள் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"தெறக்கக் கிறக்கப் போறீங்களாம்மா?" என்று கேட்டாள்.