புரட்டாசிச் சனியில் ஒரு ஹென் பார்ட்டி

என் மூத்த மகளின் கலியாணத்துக்கு முன், பெண்கள் மட்டும் கூடும் ஹென் பார்ட்டியை இளையவள் ஒழுங்குசெய்கிறாள்.

இன்று காலை கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து என் அக்கா அழைத்தார்.

"தம்பி, பார்ட்டி வைக்கிற அண்டைக்குப் புரட்டாசிச் சனி. எனக்கு விரதம். ஒருத்தரும் மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் சாப்பிடக்கூடாது. வைனும் வேண்டாம்."

"உங்களுக்குத் தனிய மரக்கறி வைப்பம், அக்கா."

"மணம் வருமே! ஏலாதெண்டால், கலியாணத்தில ஆலத்தி எடுக்க வேற ஆளைப் பார்."

என் கலியாணத்திலும் இதே மிரட்டல்தான். அன்று பணிந்துபோனதை நான் இன்னும் மறக்கவில்லை.

"சரி, வேற ஆளைப் பாக்கிறன்" என்று போனை வைத்துவிட்டேன்.

இப்போது மணமகள் அறைக்குள் அழுகிறாள். தன் மாமி ஆலத்தி எடுக்காமல் மணவறைக்கு வரமாட்டாளாம்.

அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்காமல் ஆலத்தி எடுக்கக்கூடிய மாமிமார் லண்டனில் யாரும் இருந்தால் சொல்லுங்கள்.